விதியா? வேதியியலா?

இரவில் ஆட்டி வைத்த மாவு விடியலில் பொங்கி நிற்கிறது. நேற்று உறை ஊற்றிய பால் இன்று கெட்டித் தயிராகிக் கிடக்கிறது. வீட்டிலே பாட்டி இதைக் கண்டு வியப்பதில்லை. 'புளித்துவிட்டது' என்பாள், 'தோய்ந்துவிட்டது' என்பாள், அடுத்த வேலையைப் பார்க்கச் செல்வாள். எவ்வளவு உப்பிட வேண்டும், பனிக்காலத்தில் பானையை எங்கே வைக்க வேண்டும், எத்தனை நாழிகை பொறுக்க வேண்டும், அத்தனையும் அவளுக்குத் தெரியும். பொங்காவிட்டால், 'குளிர் அதிகம்' என்று காரணம் கூறுவாள். மாவின் தலையெழுத்து என்று கூறமாட்டாள்!

அதே பாட்டி, அதே வீட்டிலே, ஒரு குழந்தை பேச வேண்டிய பருவத்தில் பேசாமல், நடக்க வேண்டிய பருவத்தில் நடக்காமல், அழைத்தால் திரும்பாமல் இருக்கக் கண்டால் என்ன கூறுகிறாள்? 'தலையெழுத்து' என்கிறாள். 'போன பிறவியிலே யார் செய்த பாவமோ' என்கிறாள். பெற்றவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். மாவுக்கு ஒரு நியாயம், மகவுக்கு வேறொரு நியாயம்!

இரண்டுக்கும் நியாயம் ஒன்றே என்று எடுத்துக் காட்டிய அறிவுத்துறை ஒன்று உண்டு. உயிர்வேதியியல் என்பது அதன் பெயர். அத்துறை எதை ஆராய்கிறது? நமக்கு எதைத் தருகிறது? எதைத் தர இயலாது? இம்மூன்று வினாக்களையும் எழுப்பி விடை காண முற்படுவோம். மூன்றாவது வினாவை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறோம். பகுத்தறிவு பேசும் நம்மவர் பெரும்பாலும் கேட்க மறந்துவிடும் வினா அது.

உயிருள்ளவற்றின் உள்ளே ஓயாது நடைபெறும் வேதி மாற்றங்களை ஆராய்வதே உயிர்வேதியியல். உடலை அறுத்து உறுப்புகளை எண்ணிக் காட்டுவது உடற்கூற்று நூல். உறுப்புகள் எவ்வாறு இயங்குகின்றன என்று காட்டுவது உடலியங்கு நூல். அவ்வியக்கத்துக்கு அடியிலே எந்தப் பொருள் எந்தப் பொருளாக மாறுகிறது, அந்த மாற்றத்தை நடத்தி வைப்பது எது, அதனால் விளையும் ஆற்றல் எங்கே போகிறது என்று துருவிப் பார்ப்பது உயிர்வேதியியல். சர்க்கரைகள், கொழுப்புகள், புரதங்கள், மரபுச் செய்தியைத் தாங்கும் நியூக்ளிக் அமிலங்கள் ஆகிய நான்கு வகைப் பொருள்கள் அதன் பெருங்களம். இருபது அமினோ அமிலங்களை எழுத்துகளாகக் கொண்டு எழுதப்பட்ட சொற்களே புரதங்கள். அப்புரதங்களில் பலவும் நொதிகளாக நின்று, உடலின் ஒவ்வொரு மாற்றத்தையும் விரைவுபடுத்துகின்றன.

ஒரு பிடி சோற்றை வாயிலிட்டு நெடுநேரம் மென்று பாருங்கள், இனிக்கும். சோற்றிலே சர்க்கரையைக் கலந்தவர் யார்? உமிழ்நீரில் உள்ள நொதி, மாவுப்பொருளின் நீண்ட சங்கிலியை அறுத்துச் சர்க்கரையாக்கிவிட்டது. அச்சர்க்கரையை உடல் மேலும் சிதைத்து, விறகு எரிவதுபோல் எரித்துவிடாமல், படிப்படியாக ஆற்றலைப் பிரித்தெடுக்கிறது. உடலில் செலவாகும் அந்த ஆற்றலுக்குச் சில்லறைக் காசாகப் பயன்படுவது ஏ.டி.பி. என்னும் சேர்மம். அதனை 1929ஆம் ஆண்டு ஜெர்மனியில் லோமான் கண்டறிந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஃபிஸ்க்குடன் சேர்ந்து கண்டறிந்தவர், ஆந்திரத்திலே பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஏர் பிடிக்கும் உழவனின் கையிலும், ஏடு புரட்டும் மாணவனின் கண்ணிலும், இச்சொற்களை எண்ணும் நமது மூளையிலும் இந்தக் காசுதான் கைமாறுகிறது.

இந்த உண்மை எளிதில் ஏற்கப்பட்டதா? இல்லை. உயிருள்ளவை வேறு, உயிரற்றவை வேறு, இரண்டுக்கும் இடையே எவரும் கடக்க முடியாத மதில் ஒன்று உண்டு என்று கற்றோரே கருதிய காலம் இருந்தது. 'உயிர்ச்சக்தி' என்று ஒன்று உண்டு, அது துணை நின்றாலன்றி உயிர்ப்பொருள்கள் தோன்றா என்பது அவர்தம் முடிவு. வேதியியலின் பெருந்தலைவர்களுள் ஒருவரான சுவீடன் நாட்டு பெர்சீலியசும் அக்கருத்துக்கு இடமளித்தவரே.

அவரிடம் பயின்ற ஃபிரடெரிக் வோலர், 1828ஆம் ஆண்டில், உயிரற்ற உப்புகளிலிருந்து யூரியாவை ஆக்கினார். யூரியா சிறுநீரிலே உள்ள பொருள். சிறுநீரகத்தின் துணையே இல்லாமல், மனிதனும் வேண்டாம், நாயும் வேண்டாம், யூரியாவைத் தம்மால் செய்ய முடிகிறது என்று ஆசானுக்கு எழுதினார் அந்த மாணவர். மதிலில் முதல் வெடிப்பு அது. அன்றே மதில் இடிந்து விழுந்துவிட்டதாகக் கூறுவோர் உளர், அது மிகைக்கூற்று. கோல்பே என்பார் 1845இல் வேறொரு வழியில் அசெட்டிக் அமிலத்தை ஆக்கிக் காட்டிய பின்னரும், உயிர்ச்சக்தி என்ற சொல் ஓயவில்லை. நெடுநாள் ஆண்ட கருத்து ஒரே நாளில் முடிதுறப்பதில்லை.

கடைசிப் போர் புளிப்பைப் பற்றியே நடந்தது. நம் பாட்டியின் மாவுப் பானையும், கள்ளிறக்குவோனின் கலயமும் எழுப்பும் அதே கேள்வி! சர்க்கரை புளித்துச் சாராயமாவது எதனால்? அது வெறும் வேதி மாற்றமே என்றார் லீபிக். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் வாழ்வதன் விளைவே புளிப்பு, உயிரின்றிப் புளிப்பில்லை என்றார் லூயி பாஸ்டர். பாஸ்டர் சாதாரண மனிதரா? நோய்க்கிருமிகளை உலகுக்கு உணர்த்திய மேதை. அவர் சொல்லே நின்றது.

பாஸ்டர் மறைந்து ஈராண்டு கழித்து, 1897இல், எட்வர்டு பூக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்ட்டை மணலுடன் சேர்த்து அரைத்து, அழுத்தப் பொறியில் இட்டுச் சாறு பிழிந்தார். அச்சாற்றில் உயிருள்ள ஈஸ்ட் செல்கள் இல்லை. சாறு கெடாதிருக்கச் சர்க்கரை சேர்த்தார். என்ன வியப்பு! குமிழிகள் கிளம்பின. சர்க்கரை சாராயமாகிக் கொண்டிருந்தது! புளிப்பை நடத்துவது ஈஸ்ட்டின் 'உயிர்' அன்று, ஈஸ்ட்டுக்குள் இருக்கும் பொருள்களே என்பது வெளிப்பட்டது. 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈஸ்ட் தேவை என்றதில் பாஸ்டர் சொன்னது சரி, உயிரோடு இருந்தாக வேண்டும் என்றதில் பிழை. மேதையும் பிழைபடுவார். பிழையைத் திருத்தியவரைத் துரோகி என்று தூற்றாத இடமே அறிவுலகம்.

மேலும் தொடர்ந்து ஆராய்ந்தோர் ஓர் உண்மையைக் கண்டனர். ஈஸ்ட்டில் சர்க்கரை சிதையும் படிகளும், மனிதனின் தசையில் அது சிதையும் படிகளும் பெரும்பாலும் ஒன்றே. முடிவில்தான் வழி பிரிகிறது. அங்கே சாராயம், மூச்சிரைக்க ஓடும் தசையிலே லாக்டிக் அமிலம். கள்ளுக் கலயத்துக்கும் காளையின் தோளுக்கும் ஒரே பாடம்! பிறகு 1926இல், இளமையில் ஒரு கையை இழந்த ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கர், ஒருவகை அவரை விதையிலிருந்து ஒரு நொதியைப் படிகமாகவே பிரித்தெடுத்து, அது புரதம் என்று காட்டினார். அந்த நொதி சிதைப்பது எதை? வோலர் ஆக்கினாரே, அதே யூரியாவைத்தான்!

இங்கே நம்மை மறித்து நிற்கிறார் ஒரு பெரியவர். நல்லவர், நாணயமானவர். 'எல்லாம் வேதி மாற்றம் என்கிறீர்களே, அப்படியானால் மனிதன் வெறும் சரக்குமூட்டைதானா? அன்பு என்ன? கடமை என்ன? உயிரின் மறையை உடைத்துவிட்டால் உயிருக்கு மதிப்பேது?' என்று கேட்கிறார். எள்ளி நகையாடி அவரை ஒதுக்கிவிடக் கூடாது. அவர் அஞ்சுவது பொருளற்ற அச்சமன்று. தக்க விடை தர நாம் கடமைப்பட்டுள்ளோம்.

தாய்ப்பாலை எடுத்துக்கொள்வோம். அதில் இன்ன சர்க்கரை, இன்ன கொழுப்பு, இன்ன புரதம் என்று பிரித்துக் காட்டிவிட்டார்கள். அதனால் தாயன்பு குறைந்துவிட்டதா? ஊட்டும் தாய் பட்டியலைப் பார்த்தா ஊட்டுகிறாள்? பொருளைப் பற்றிய அறிவு ஒன்று, அப்பொருளை நாம் போற்றும் மதிப்பு மற்றொன்று. முதலது பெருகினால் இரண்டாவது தேய வேண்டும் என்பது எந்தக் கணக்கு? தேயவில்லை என்பதற்கு ஒரு தாயின் வரலாறே சான்று.

நார்வே நாட்டிலே ஒருத்திக்கு இரண்டு குழந்தைகள். பெண்ணொன்று, ஆணொன்று. பிறந்தபோது குறையேதும் இல்லை. வளர வளர அறிவு வளரவில்லை. இருவரின் சிறுநீரிலும் ஒருவகைப் புழுங்கிய நெடி வீசியதை அத்தாய் கண்டாள். மருத்துவர் பலரிடம் சென்றாள். 'இதற்கும் அதற்கும் என்னம்மா தொடர்பு?' என்று கேட்டு அனுப்பினர். அவள் விடவில்லை. 1934ஆம் ஆண்டு, வேதியியலும் மருத்துவமும் கற்ற ஆஸ்பியார்ன் ஃபோலிங் என்பாரின் காதுக்கு அவள் கேள்வி எட்டியது. அவர் அவளைப் பித்தென்று எண்ணவில்லை. சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னார். ஃபெரிக் குளோரைடு சேர்த்தார். வழக்கமாகக் காணும் நிறம் வரவில்லை, பச்சை நிறம் வந்தது! மீண்டும் மீண்டும் சோதித்தார். அவள் மீண்டும் மீண்டும் சுமந்து வந்தாள். முடிவில் ஃபீனைல்பைருவிக் அமிலம் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னர்க் காப்பகங்களில் இருந்த 430 பேரைச் சோதித்தபோது, மேலும் 8 பேரிடம் அதே பச்சை!

நடந்தது இதுதான்: நாம் உண்ணும் புரதத்திலே ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதனை வேறொன்றாக மாற்றும் நொதி கல்லீரலில் உண்டு. அக்குழந்தைகளுக்கு அந்த நொதி பழுது. மாற்றப்படாத பொருள் குருதியிலே தேங்கி, வளரும் மூளையைக் கெடுத்தது. பழுதுற்ற மரபுக்கூறு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்து சேர்ந்தால்தான் நோய் தோன்றும். ஒன்று மட்டும் இருப்போர் நலமாகவே இருப்பர், தம்மிடம் அது இருப்பதையே அறியமாட்டார். பாவம் எங்கே? சாபம் எங்கே? கோள் எங்கே? நெருங்கிய உறவிலே மணம் முடிக்கும்போது, ஒரே பாட்டன் வழிவந்த அதே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு மிகுகிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் உரிமை பேசி மணக்கும் நம் தமிழகம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

அந்த இரு குழந்தைகளுக்கும் விடை காலங்கடந்தே கிடைத்தது. ஆனால் அவர்களால் பிறர் வாழ்ந்தனர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலே பிக்கல் என்ற மருத்துவரும் அவர்தம் தோழர்களும், இந்நோய் கொண்ட இரண்டு வயதுப் பெண்குழந்தைக்கு, ஃபீனைல்அலனின் குறைத்த உணவைச் செய்து கொடுத்து, பயனை 1953இல் வெளியிட்டனர். அங்கும் ஒரு தாய்தான் நாள்தோறும் வந்து நின்று, ஏதாவது செய்யுங்கள் என்று வற்புறுத்தினாள். பின்னர் அமெரிக்காவிலே, அறிவு வளர்ச்சி குன்றிய மகனுக்குத் தந்தையான ராபர்ட் கத்ரி, பச்சைக் குழந்தையின் குதிகாலில் எடுத்த சில துளிக் குருதியைத் தாளில் ஒற்றிச் சோதிக்கும் முறையை 1960களின் தொடக்கத்தில் வகுத்தார். மூளை கெடுவதற்கு முன்பே நோய் பிடிபட்டது. உணவைத் திருத்தினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப்போல் வளர்ந்தது. எழுதப்பட்டுவிட்டது என்றார்களே, அந்தத் தலையெழுத்து, ஒரு தாளில் ஒற்றிய குருதியால் அழிந்தது!

இத்தோடு நிறுத்திவிட்டால் நம்மவர் கைதட்டி மகிழலாம். நிறுத்துவதற்கில்லை. மூன்றாவது வினா காத்திருக்கிறது.

ஃபோலிங் பச்சை நிறத்தைக் கண்ட அதே 1934ஆம் ஆண்டில், அதே நார்வேயில் ஒரு சட்டம் நிறைவேறியது. அறிவு வளர்ச்சி குன்றியோரை, அவர்தம் ஒப்புதல் இல்லாமலே, காப்பாளரின் விண்ணப்பத்தின்பேரில் மலடாக்க வழிவகுத்த சட்டம் அது. ஜெர்மனியில் இட்லரின் ஆட்சி இதனினும் கொடிய சட்டத்தை அவ்வாண்டு முதல் நாளிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்கீழ் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் மலடாக்கப்பட்டனர். 1939 முதல் காப்பகங்களில் கிடந்தோரைக் கொல்லவும் துணிந்தனர். இவற்றைச் செய்தோர் எதன் பெயரால் செய்தனர்? மதத்தின் பெயராலா? மந்திரத்தின் பெயராலா? அறிவியலின் பெயரால்! பட்டம் பெற்றோர், பேராசிரியர், மருத்துவர் கையொப்பமிட்டனர்.

'இவர்களுக்குக் காரணம் உண்டு, தேடுவோம்' என்றது ஓர் அறிவு. 'இவர்கள் இழிந்த மரபு, ஒழிப்போம்' என்றது மற்றோர் 'அறிவு'. முன்னது கண்டது உண்மை, பின்னது கொண்டது வெறி. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: இன்னாரை வாழவிட வேண்டும் என்று எந்தச் சோதனைக் குழாயும் சொல்லாது. பச்சை நிறம் நோயைக் காட்டும், நோயாளியை நேசி என்று காட்டாது. அதை நாம் கொண்டுவர வேண்டும்.

பர்மிங்காமிலும் இதற்குச் சான்று உண்டு. அந்தக் குழந்தை புதிய உணவால் தவழத் தொடங்கியது, நிற்கத் தொடங்கியது, ஓயாத அழுகை ஓய்ந்தது. பயன் உணவினால்தானா என்று உறுதி செய்ய விரும்பிய மருத்துவர்கள், தாய்க்குத் தெரியாமலே அந்த உணவில் ஃபீனைல்அலனினைச் சேர்த்தனர். பெற்ற முன்னேற்றம் சில நாள்களில் பறிபோயிற்று. குழந்தையால் நிற்கவும் இயலவில்லை. பின்னர்த் தாயின் ஒப்புதலோடு, மருத்துவமனையில் வைத்து, மறுபடியும் சோதித்தனர். முறையான சோதனை என்ற அளவில் முதலாவதும் செம்மையானதே. முறையான செயலா? கெஞ்சி நின்ற தாயிடம் ஒரு சொல் கேட்டிருக்க வேண்டாமா? நல்லவர்களே, நல்ல நோக்கத்தோடு, தவறு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட என்ன எடுத்துக்காட்டு வேண்டும்!

குருதியின் கதையும் இதுவே. லேண்ட்ஸ்டைனர் 1901இல் குருதி வகைகளை வெளியிட்டார். ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வேறுபாடு, சிவப்பணுவின் மேற்புறத்தில் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு சர்க்கரைக் கூறு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அக்கூறு எந்தச் சாதியையும் அறியாது, எந்த நிறத்தையும் அறியாது. மருத்துவர் இதனை அறிந்திருந்தும், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 1942 முதல் 1950 வரை, கறுப்பர் தந்த குருதியைத் தனியே பிரித்து வைத்தது. போர்க்களத்தில் மடியும் வெள்ளை வீரனுக்குக் கறுப்பர் குருதி கூடாதாம்! உண்மை தெரிந்திருந்தது, உள்ளம் திருந்தவில்லை.

ஆகவே, நம்மை மறித்து நின்ற பெரியவருக்கு நாம் தரும் விடை இது: ஐயா, உயிரின் மதிப்பு அதன் மறையிலே இருந்ததில்லை. மறை நிலவிய காலத்திலேயே மனிதனை மனிதன் விற்றான், தீண்ட மறுத்தான், எரித்தான். மறை விலகியதால் மதிப்புப் போய்விடாது. மறை விலகியதாலேயே மதிப்பு வந்துவிடவும் செய்யாது. மதிப்பைத் தருவது நாம். ஆனால் ஒன்று: விதியின்மேல் பழிபோட்டுச் சும்மா இருந்த வசதியை உயிர்வேதியியல் பறித்துவிட்டது. காரணம் தெரியாத காலத்தில் கண்ணீர் போதும். காரணம் தெரிந்த பின்பும் கண்ணீரோடு நின்றுவிட்டால் அது குற்றம்.

தோழர்களே! கத்ரி காட்டிய குதிகால் துளிச் சோதனை, இந்தியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் கிட்டும் நிலை இன்னும் வரவில்லை. பிறவியிலேயே தைராய்டுச் சுரப்பி குன்றிய குழந்தையை, பிறந்த சில நாள்களில் கண்டறிந்தால், நாளும் ஒரு சிறு மாத்திரை அதன் மூளையைக் காக்கும். காணத் தவறினால், அக்குழந்தைக்கு நாம் ஒரு பட்டப்பெயர் சூட்டுவோம், பெற்றவள்மேல் ஒரு பழி சுமத்துவோம், பரிகாரத்துக்கு ஒரு நாள் குறிப்போம். எது மலிவு? மாத்திரையா, பரிகாரமா? எது மனிதநேயம்?

நம் ஊரிலே, நம் தெருவிலே, நம் வீட்டிலே அப்படியொரு குழந்தை இருக்கலாம். தலையெழுத்து என்று பாட்டி பெருமூச்செறியும்போது, அவளைப் பழித்துப் பேச வேண்டாம். காரணம் தேடும் அறிவு அவளிடம் இல்லாமலில்லை, நாள்தோறும் அடுப்படியிலே அதனைக் கையாளுகிறாள். அவளருகே அமர்ந்து, அன்போடு சொல்வோம்: 'பாட்டி! மாவைப் பார்க்கிறாயே ஒரு பார்வை, அதே கண்ணோடு இந்தக் குழந்தையையும் பார். காரணம் இருக்கும். வா, தேடுவோம்!'